எட்டுக்கண்ணு சம்பந்தி

சிலந்திக்கு எட்டுக் கண்கள். முன்வரிசையில் நான்கு, பின்வரிசையில் நான்கு. திண்டிவனத்தில் விலங்கியல் ஆசிரியராக இருந்த முப்பது வருடத்துக்கும் மேலான காலத்தில் இதை நான் எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்று தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன், ஓய்வு பெற்ற பிறகு, விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில், ஊரே பார்த்திருக்க, அதெல்லாம் கிடையாது என்று சாதித்தேன். அதனால் ஒருவன் மீசையை இழந்தான். அவன் என் மனைவியின் தம்பி.

என் மச்சானுக்குத் திருவாமாத்தூர் பக்கம் நிலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவன். அவனுடைய ஒரே மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் திண்டிவனத்துக்காரர்கள். பிள்ளையின் தகப்பனார், அதாவது மச்சானுக்குச் சம்பந்தியாக வரப்போகிறவர், தட்டை மாற்றிக்கொள்ளக் கை நீட்டிய நேரத்தில், வெற்றிலைக்கடியிலிருந்து ஒரு சின்னத் தாவும் சிலந்தி தேங்காய் மேல் குதித்தது. குதித்தது ஓடியிருக்கலாம். ஓடவில்லை. திரும்பி நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"இன்னாடா இது, பொண்ணு வூட்டுக்காரங்க மாதிரியே என்னை மொறைக்குது?" என்றார் சம்பந்தி.

அவருடைய அக்காவுக்கு அது சிரிப்பாக இல்லை. "தட்டுல பூச்சி வந்தா இன்னா சகுனமோ" என்று முணுமுணுத்தார்.

மச்சான் உடனே என்னைக் காட்டினான். "எங்க மாமாவக் கேளுங்க. பூச்சி பொட்டெல்லாம் அவரு படிச்ச படிப்புதான்." அவன் குரலில் இருந்த பெருமை இன்னும் என் காதில் கிடந்து அறுக்கிறது.

நான் எழுந்து நின்றேன். துண்டைச் சரி செய்துகொண்டேன். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் பலாச்சுளை இருந்தது, அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. என் கண் ஈயின் மேல் இருந்தது, வாய் சிலந்தியைப் பற்றிப் பேசியது. "பயப்பட ஒன்றுமில்லை. இதற்குக் கூட்டுக்கண். ஆயிரக்கணக்கான குட்டி லென்ஸ். நம் ஒவ்வொருவரையும் ஆயிரம் பேராகப் பார்க்கும்" என்றேன்.

ஒரே மூச்சில் இரண்டு தப்பு. கூட்டுக்கண் ஈக்கு, தும்பிக்கு, வண்டுக்கு உண்டு. சிலந்திக்கு இல்லை. கூட்டுக்கண் உள்ள ஈயும் நம்மை ஆயிரம் பேராகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு லென்ஸும் ஒரு புள்ளியைத்தான் பிடிக்கிறது. புள்ளிக்கோலம் போல எல்லாம் சேர்ந்து ஒரு படம். இதையும் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

ஆனால் சம்பந்திக்கு ஆயிரம் என்ற கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்ப அதுக்கு ஆயிரம் மாப்ள தெரியுறான்! ஒருத்தனுக்கே பொண்ணு லேசுல கெடைக்கல!" என்றார். மண்டபம் சிரித்தது. சகுனம் பார்த்த அக்காவும் சிரித்தார். பாடம் நடத்தி இப்படி ஒரு கைதட்டலை நான் வாங்கியதே இல்லை.

அப்போது மச்சான் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கட்டும் என்றுதான் சொன்னான். ஆனால் வயல்காட்டில் பேசிப் பழகிய குரல். "மாமா, அது ஈக்கில்ல? சிலந்திக்கு எட்டு கண்ணாச்சே. நான் கொல்லையில பாத்துக்கினுதான இருக்கேன்."

அவன் சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். இதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். "ஆமாம்பா, வாய் தவறிவிட்டது" என்றால் முடிந்தது. கைதட்டலின் சூடு ஆறவில்லை. "நீ மல்லாட்டை போடுகிறவன். நான் பாடம் நடத்தினவன்" என்றேன். அதோடு நிற்கவில்லை. "நான் சொன்னது தப்பென்றால் இங்கேயே என் மீசையை எடுக்கிறேன். நீ சொன்னது தப்பென்றால்?"

"மாமா, விடுங்களேன்" என்றான்.

"சம்பந்தி பின்வாங்குறாரு!" என்று பிள்ளை வீட்டாரில் யாரோ மச்சானைப் பார்த்துக் கத்தினார்கள். பெண்ணைப் பெற்றவன் பிள்ளை வீட்டார் முன்னால் எப்படிப் பின்வாங்குவான்? சரி என்று தலையாட்டினான்.

தீர்ப்புச் சொல்லச் சம்பந்தி செல்போனை எடுத்தார். 'பூச்சி கண்' என்று தேடினார். வந்தது ஈயின் கண். திரை முழுக்கச் செக்கச்செவேல் என்று, ஆயிரம் கட்டங்களோடு. அதை நாலாபக்கமும் காட்டினார். "புரொபசர் ஜெயிச்சிட்டாரு!" நான் புரொபசரும் இல்லை. அதையும் நான் மறுக்கவில்லை.

மச்சான் என்னை ஒரு கணம் பார்த்தான். நான் பலாச்சுளையைப் பார்த்தேன். பந்தி தொடங்குவதற்குள் மண்டபத்துக்கு எதிரிலிருந்த சலூனுக்குப் போய்விட்டு வந்தான். இருபது வருடமாக முறுக்கிவிட்ட மீசை. அது இல்லாமல் அவன் முகம் கதவைக் கழற்றிய வீடு மாதிரி இருந்தது.

இருபதாம் நாள் கல்யாணம். மச்சானின் மேலுதட்டில் கேப்பை முளைத்ததுபோல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். பிள்ளை வீட்டாரில் அவனை அடையாளம் தெரியாத ஒருவர் பந்தியில் உட்கார்ந்தபடி, "அண்ணே, ரசத்த இந்தப் பக்கம் கொண்டாங்க, ஜல்தி" என்றார். பெண்ணின் தகப்பன், பட்டு வேட்டியோடு, போய் ரசம் கொண்டுவந்து ஊற்றினான். ஆல்பத்தில் அந்தப் படமும் இருக்கிறது.

அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் எட்டுக்கண்ணு சம்பந்தி. "எட்டுக்கண்ணு சம்பந்தி, சௌக்கியமா? ஒரு கண்ணையாவது எங்க பக்கம் வைங்க" என்று போனில் ஆரம்பிப்பார்கள். "கண்ணாடி வாங்கணும்னா நாலு ஜோடி வாங்கணுமே, பேஜாராச்சே" என்பார்கள். கெட்டவர்கள் இல்லை. ஒரு வேடிக்கை கிடைத்தால் விடமாட்டார்கள், அவ்வளவுதான். முதலில் அவனும் சிரித்தான். பிறகு மகள் வீட்டுக்குப் போவதைக் குறைத்தான். மோட்டார் ரிப்பேர் என்பான், மாடு கன்று போடப்போகிறது என்பான். அவனிடம் இருந்ததே ஒரு மாடு. ஒரே வருடத்தில் அது நான்கு முறை கன்று போட்டது.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெருமுக்கல் மலையடிவாரத்தில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று முடிவானது. அதற்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்கினாள். "மாமா, அப்பா வரலன்றாரு. எனக்கு அண்ணனா தம்பியா? தாய்மாமன் மடி இல்ல. தாத்தா மடியும் இல்லன்னா புள்ளைய எங்க வச்சு காது குத்துறது? அவங்க கூப்புடுற பேரு புள்ள காதுல வுழக்கூடாதுன்றாரு."

அவள் போன பிறகு சமையலறைக்குப் போய் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மிக்சியை நிறுத்தினாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மிக்சியை மறுபடி ஓடவிட்டாள். சட்னி எப்போதோ அரைந்திருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். மச்சான் மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தான். நான் வரப்பில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. பாடம்தான் வந்தது.

"மச்சான், ஆதியில் சிலந்தியின் மூதாதைகளுக்குக் கூட்டுக்கண் இருந்தது. கடலில் குதிரைலாட நண்டு என்று ஒன்று உண்டு, சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கு இன்றைக்கும் இருக்கிறது. சிலந்தியிடம் அந்தக் கூட்டுக்கண் காலப்போக்கில் உடைந்து, பக்கத்துக்கு மூன்றாக ஆறு சின்னக் கண் ஆயிற்று. நெற்றி நடுவில் பழைய காலத்திலிருந்தே இருந்த ஒரு ஜோடி, முன்னால் இருக்கும் பெரிய கண்ணாக வளர்ந்தது. ஆக மொத்தம் எட்டு. அதனால் அன்றைக்கு நான் சொன்னதும் ஒரு விதத்தில்..."

அவன் களைக்கொட்டை ஊன்றி நிமிர்ந்தான். "இன்னா மாமா இது? முப்பாட்டன் வித்துட்டுப் போன நெலத்துக்கு இப்ப வந்து பட்டா கேக்குறீங்க?"

பாடத்தை நிறுத்தினேன். "நான் பொய் சொன்னேன் மச்சான். தெரிந்தே சொன்னேன்."

"தெரியும்" என்றான்.

"எப்போது?"

"அன்னிக்கே." குனிந்து ஒரு மண்கட்டியைப் புரட்டினான். அடியில் ஓர் ஓநாய்ச் சிலந்தி, முதுகு நிறையக் குஞ்சுகளோடு. "தண்ணி கட்டப் போறப்ப நெத்தியில டார்ச்ச மாட்டிக்கினு பாத்தா, கொல்லை பூரா பச்சையா மின்னும். எல்லாம் இதுங்க கண்ணு. இதும் மூஞ்சிய நான் பாக்காத நாள் இல்ல. நீங்க பலாப்பழத்தப் பாத்தப்பவே புரிஞ்சிக்கினேன்."

அதன் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு, உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புகிறது என்று சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். "பிறகு ஏன் போய் மீசையை எடுத்தாய்?"

"நீங்க எங்க வூட்டு மாப்ள. சம்பந்தி வூட்டுக்காரங்க எதிர்க்க உங்களைத் தோக்கடிச்சிட்டு, எங்க அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்? மயிருதான மாமா, மொளைக்கும்னு நெனைச்சேன். பேரும் சேந்து மொளைக்கும்னு நெனைக்கல."

வர முடியுமா என்று கேட்டேன். வெகுநேரம் களை வெட்டினான். "நானே போய் சொன்னா தோத்தவன் பேச்சு. நீங்க சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்ப. அப்ப வர்றேன்."

பெருமுக்கல்லில் குழந்தைக்கு மொட்டையடித்து முடித்ததும், நான் எழுந்து சொன்னேன். மச்சான் கூட்டத்தின் ஓரத்தில், எந்த நேரமும் கிளம்பிவிடத் தயாராக, வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றான். எட்டுக் கண்களையும் வரிசைப்படி சொன்னேன். முன்னால் உள்ள பெரிய ஜோடி உருவத்தைக் கூர்ந்து பார்க்க, மற்றவை பக்கத்திலும் பின்னாலும் எது அசைந்தாலும் கண்டுகொள்ள. முன்கண்ணின் லென்ஸ் அசையாது, உள்ளே இருக்கும் குழாய்தான் அசைந்து நம்மை மேலும் கீழும் அளக்கும். அன்று தட்டிலிருந்து முறைத்தது அப்படித்தான். செல்போனில் பார்த்தது ஈ. தெரிந்தே பேசாமல் இருந்தேன்.

சம்பந்தி மச்சானைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எங்க சம்பந்தி சொன்னதுதான் சரியா?"

"முழுக்கச் சரி."

"ஏங்க, அந்த மனுசன் ரசம்லாம் ஊத்தினாரே!" என்றார். பிறகு அவருடைய அக்கா, சகுனக்காரர், நேராக விஷயத்துக்கு வந்தார். "அப்ப அந்த மீசை பந்தயம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொட்டையடித்தவர் கத்தியைக்கூட இன்னும் துடைக்கவில்லை.

"வேணாம், விடுங்க" என்று மச்சான் ஓடிவந்தான்.

"எடுக்கட்டும்" என்றாள் என் மனைவி.

எடுத்தேன். எழுந்து திரும்பியதும் குழந்தை என்னைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து என்னிடம் சிரித்த குழந்தை. இது யார் என்று ஒரு கணம் யோசித்தது. பிறகு மலையே எதிரொலிக்கும்படி வீறிட்டது. காது குத்த வந்த ஆசாரி பதறிப்போய், "நான் இன்னும் தொடவே இல்லீங்க!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். சமாதானம் செய்ய நான் கிட்டே போகப் போக அழுகை ஏறியது.

"மாமா, கோச்சுக்காதீங்க, அந்தாண்ட போய் நில்லுங்க" என்றாள் மச்சான் மகள்.

வேனுக்குப் பின்னால் போய் நின்றேன். எட்டிப் பார்த்தாலும் அழுதது என்பதால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. மனிதனுக்கு இருக்கிற இரண்டு கண்ணும் முன்னால்தான். அதனால் காது குத்தியதை நான் பார்க்கவில்லை. கேட்டேன். அழுகை மெல்ல அடங்கியது. சாவியை யாரிடமோ கொடுக்கும் சத்தம். "தள்ளிக்கங்கப்பா, வழி வுடுங்க" என்று சம்பந்தி கூட்டத்தை விலக்கினார்.

"வாங்க சம்பந்தி" என்றார். "இப்படி நடுவுல வந்து ஒக்காருங்க."