துவைத்து வைத்த சட்டைகள்

குருணிலிருந்து கடலோரக் கோலா கெடாவுக்குப் பேருந்து மாறிப் போவதே பாதி வேலை. மீன்பிடிப் படகுத் தொழிலாளர்களின் பாதுகாப்பு குறித்த ஆராய்ச்சியில் கள உதவியாளராக இருந்தபோது அப்படித்தான் அலைந்தேன். அலுத்தாலும் விடவில்லை. என் அண்ணன் அங்கே படகில் வேலை செய்கிறார். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், நீச்சல் தெரியாது. ஒருமுறை கடலில் விழுந்தவரைக் கூட இருந்தவர்கள்தான் இழுத்துப் போட்டார்கள்.

விழுந்தால் மூழ்காமலிருக்க மிதவைச் சட்டை கொடுத்தாலும் யாரும் போடுவதில்லை. வெக்கை, அதோடு வலை இழுக்கையில் கயிறு மாட்டும். எங்கள் குழு மெல்லியதாகச் சில சட்டைகளைத் தைத்துக் கொடுத்தது. எங்கே கிழிகிறது, எங்கே தேய்கிறது என்று பார்த்துத்தான் அடுத்ததைத் தைக்க வேண்டும். அண்ணன் நச்சரித்து எல்லாரையும் போட வைத்தார்.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் கோலாலம்பூரிலிருந்து பார்க்க வந்தார்கள். முந்தின நாளே அண்ணி வீடு வீடாகப் போய்ச் சட்டைகளை வாங்கித் துவைத்து, கிழிசலையெல்லாம் தைத்து, மடித்து வைத்திருந்தார். படகுத்துறையில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கிழிந்த இடமெல்லாம் அண்ணியின் தையலுக்குள் மறைந்திருந்தது.

வந்தவர் ஒன்றை விரித்துப் பார்த்தார். சோப்பு வாசம். யாரும் உடுத்தியதாகத் தெரியவில்லையே என்றார். நான் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். கையில் புதுசு போலச் சட்டை இருக்கும்போது படத்தை யார் நம்புவார்கள்? சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

"பெரிய ஆளுங்க வர்றாங்க. அழுக்கோட குடுத்தா நம்மளப் பத்தி என்னம்மா நெனப்பாங்க?" என்றார் அண்ணி. மேனேஜர் வருகிறார் என்றால் சாக்கடையைக்கூடக் கழுவி வைத்த தோட்டம் எங்களுடையது.

அதன்பின் ஆராய்ச்சிக்குப் பணம் வரவில்லை. அடுத்த சட்டையைத் தைக்க ஆளில்லை. நான் குருணில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, அவ்வளவுதான். எரிச்சல்படக்கூடத் தெம்பில்லை.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மிதவைச் சட்டை கொடியில் தொங்கியது. தோளில் அண்ணி போட்ட தையல் தடித்து நின்றது. அதைத் தொட்டுப் பார்த்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் தையல்லதான் இப்ப கயிறு மாட்டுது. கடலுக்குப் போனதும் கழட்டிருவேன். திரும்பி வரப்ப, படகுத்துறை தெரிஞ்சதும் போட்டுக்குவேன். அண்ணிகிட்ட சொல்லிராத லா."

அடுக்களையிலிருந்து அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். நாங்கள் உள்ளே போனோம்.