பதினான்கில் எந்த ஊர்

தபால் பிரிக்கும் வேலையில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவள் என்பதால், இந்த அலுவலகத்தில் அவளுக்கு அட்ரஸ் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது கையில் கடிதம் இல்லை. எதிரே கணினித் திரை. பழைய ஆவணங்களில் வரும் ஊர்ப்பெயர் எந்த ஊரைக் குறிக்கிறது என்று கணினி ஊகித்துக் காட்டும். சரிதானா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் தனிப் பதிவு, தனி எண். அதிலிருந்து ஆறு, பாலம், பள்ளிக்கூடம், பக்கத்து ஊர் என்று கோடுகள் பிரிந்து ஓடும். மனுஷரைப் போலவே ஊருக்கும் சொந்தபந்தம் இருக்கிறது என்பாள் கணவரிடம். அவர் தையல்காரர். காலரை மாற்றித் தைத்தாலே சண்டைக்கு வருகிறார்கள், நீ ஊரையே மாற்றித் தைத்துவிடாதே என்று சிரிப்பார்.

ஒரு திங்கட்கிழமை, ஆதரவற்றோர் இல்லம் ஒன்றின் பதிவேடு வந்தது. அதில் ஒரு பெரியவர். தன் பெயர் நினைவில்லை. ஊர்ப்பெயரை மட்டும் சொல்கிறார். படகேறித்தான் வீட்டுக்குப் போகணும் என்கிறார். வந்து சேர்ந்து பதினோரு வருஷம். அந்தப் பெயரில் பதினான்கு ஊர்கள் இருந்தன. கணினி அவற்றில் பெரிய ஊரைப் பிடித்து வைத்திருந்தது. இல்லத்தார் போட்ட கடிதமும் அங்கேதான் போய்த் திரும்பியிருந்தது. அந்த ஊரில் குடிப்பதற்கே லாரித் தண்ணீர். படகுக்கு எங்கே போவது?

பதிவேட்டின் ஒரு வரியைச் சரிபார்க்க அரை நிமிஷம் என்பது அலுவலகக் கணக்கு. அவள் மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து பதினான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆற்றை ஒட்டி இருந்தது ஒன்றே ஒன்று. ஆனால் அங்கே பாலம் இருந்தது. மனசு சப்பென்று ஆகிவிட்டது. பாலத்தின் பதிவை மட்டும் விடுவானேன் என்று அதையும் திறந்தாள். போக்குவரத்துக்கு விட்டு ஒன்பது வருஷம். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பெரியவர் வழி தவறியபோது அந்தப் பாலமே கிடையாது.

ஊரைச் சரிசெய்துவிட்டுக் குழுத் தலைவியிடம் போய்ச் சொன்னாள். தலைவி, அவள் மகள் வயதுப் பெண்.

"பதிவை மாத்திட்டீங்கல்ல அக்கா? அதோட நம்ம வேலை முடிஞ்சுது."

"நமக்கு முடிஞ்சுதும்மா. அவருக்கு இன்னும் முடியலையே."

அந்தப் பெண் இல்லத்தின் எண்ணைத் தானே அழுத்தி ரிசீவரை நீட்டினாள்.

மூன்றாவது வாரம் இல்லத்திலிருந்து செய்தி வந்தது. அந்த ஊரில் விசாரித்ததில் பெரியவரின் தங்கை கிடைத்து, அவரை அழைத்துப்போக வந்திருந்தாளாம். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கடைசிப் படகு போய்விடுமே என்பதுதான் கவலை.

"பாலம் கட்டிட்டாங்கண்ணே. நடந்தே போயிடலாம், மெதுவா வா" என்றாளாம் தங்கை. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அட்ரஸ் அக்கா வீட்டில் இதைச் சொன்னாள். கணவர் மிஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

அடுத்த மாதம் இல்லத்திலிருந்து இன்னும் பதினேழு பேரின் விவரம் வந்தது. தலைவி எல்லாவற்றையும் அக்கா பெயரில் ஒதுக்கி, அரை நிமிஷம் என்று குறிக்க வேண்டிய நேரக் கட்டத்தைக் காலியாக விட்டாள். ஆறு பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நான்கு பேருக்கு ஊர் கிடைத்தது, ஆனால் அங்கே உறவென்று யாரும் மிச்சமில்லை. மற்ற ஏழு பேருக்காக அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.