டாக்டரின் ஸ்ட்ரிக்ட்லி

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் இனிப்புக் கடை இருக்கிறது. போன வருடம் ஒரு மாலை, எங்கள் குடும்ப டாக்டர் அங்கே ஜிலேபி தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். பாகு விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கியது. அதையும் அவர் விடவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கடைக்கு எதிர் மாடியில் உட்கார்ந்துகொண்டு, இந்த வட்டாரம் முழுவதையும் ஜிலேபி பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டவர் அவர். சர்க்கரை நோயாளியான நான் அங்கே எதற்குப் போனேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் அவருக்கு மிகவும் பிடித்த சொல் 'ஸ்ட்ரிக்ட்லி'. இனிப்பு ஸ்ட்ரிக்ட்லி நோ. ஊறுகாய் ஸ்ட்ரிக்ட்லி நோ. மூட்டுவலிக்காரர்கள் மாடிப்படி ஸ்ட்ரிக்ட்லி ஏறக்கூடாது. அதைக் கேட்டுக்கொள்ள அவர்கள் மாடி ஏறித்தான் வர வேண்டும். அகராதியைப் பார்த்தால் 'கண்டிப்பாக' என்று போட்டிருக்கும். நமக்கு அந்தச் சொல்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ஒரு கல்யாணத்துக்குப் போகப்போவதில்லை என்று முடிவான பிறகுதான் 'கண்டிப்பா வந்துடறோம்' என்று சொல்வோம். இந்த ஊரிலோ 'ஸ்ட்ரிக்ட்லி நோ பார்க்கிங்' பலகையின் நிழலில்தான் ஸ்கூட்டர்கள் நிற்கும். அதனால் டாக்டர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைக் கடைப்பிடிப்பது எங்கள் வழக்கம். அது அவருக்கும் தெரியும். தள்ளுபடிக்கு இடம் விட்டுத்தான் சொல்வார்.

அந்தச் சொல்லின் அருமை எனக்குப் புரிந்தது என் மாமனார் படுக்கையில் விழுந்தபோது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் என் மனைவியிடம், "அப்பாவுக்கு என்ன பிடிக்குதோ குடும்மா" என்றார். ஸ்ட்ரிக்ட்லி வரவே இல்லை. வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். இத்தனை புத்தகம் படித்த நான், அப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் மைத்துனனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்த மாதம் முடிவதற்குள் அவனுக்கு நானே இன்னொரு போன் போட வேண்டியிருந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஜிலேபியோடு டாக்டரைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. எதிரே போய் உட்கார்ந்தேன். "என்ன டாக்டர், ஊருக்கெல்லாம் ஸ்ட்ரிக்ட்லி, உங்களுக்கு மட்டும் ஜிலேபியா?" என்றேன்.

அவர் சிரித்தார். கடைக்காரரிடம் கன்னடத்தில் இன்னொரு பிளேட் கேட்டார். பிறகு விரலைத் துடைத்தபடி சொன்னார்: "நேத்து என் ரிப்போர்ட்ட காட்டிட்டு வந்தேம்பா. பார்த்தவன் என் பழைய ஜூனியர். 'பிடிச்சதெல்லாம் சாப்பிடுங்க சார்'னான். பாவம், என் மூஞ்சியப் பாக்க முடியல அவனால."

என் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கை தானாக ஜிலேபித் தட்டுக்குப் போனது. அவர் தட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உனக்கில்லப்பா. உனக்கு இன்னும் ஸ்ட்ரிக்ட்லிதான்."

கையை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது பிளேட்டையும் அவர் முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரு ஜிலேபி கிடைக்காததற்கா இந்த ஆள் கண்ணைத் துடைக்கிறான் என்று கடைக்காரர் நினைத்திருப்பார்.

இப்போது அந்த மாடியில் ஓர் இளம் டாக்டர் உட்காருகிறார். மிகவும் மரியாதையானவர். முடிந்தால் இனிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார். போன வாரம் நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"ஸ்ட்ரிக்ட்லியா, டாக்டர்?"

"சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றார் அவர், புன்னகையோடு.

படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.