குழலி எண்ணிய பதினொன்று

என் மனைவி ஏலவார்குழலிக்குக் காப்பி ஆகாது. ஒரு வாய் குடித்தாலும் நெஞ்சு எரிகிறது என்பாள். அப்பேர்ப்பட்டவள்தான் நான்கு வருடமாக ஏனாத்தூர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் காப்பிச் செடி வளர்க்கிறாள். காஞ்சிபுரத்து வெயிலில் காப்பியா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. தோட்டத்தில் இல்லை ஐயா, கண்ணாடிக் குப்பியில். அதுவும் விதையிலிருந்து இல்லை, பூவின் மகரந்தத்திலிருந்து.

என் அக்கா நீலாம்பாள் இதை முதலில் கேட்ட அன்று வெற்றிலை மெல்லுவதையே நிறுத்திவிட்டாள். "இன்னாம்மா சொல்ற? அப்பன் மட்டுமே புள்ள பெத்துக்கிற மாதிரியா?"

"அப்படியே வெச்சுக்கோங்க அண்ணி," என்றாள் குழலி சிரிக்காமல்.

எனக்கு அவள் விளக்கியது இது. ரொபஸ்டா காப்பி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. எப்போதும் வேறு செடியோடுதான் கலக்கும். ஆகவே நல்ல செடி ஒன்று வாய்த்தாலும் அதன் விதைகள் அதே குணத்தோடு முளைக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. செடியில் குரோமோசோம் இருபத்திரண்டு; மகரந்தத்தில் அதில் பாதி, பதினொன்று. அந்தப் பாதியை வைத்தே ஒரு செடியை வளர்த்து, பிறகு மருந்து கொடுத்து அதை இரட்டிப்பாக்கினால் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்கும், குணம் மாறாது. புது ரகம் உருவாக்குகிறவர்கள் அப்படிப்பட்ட செடிக்குத் தவம் கிடக்கிறார்களாம்.

குழலி தாவரவியலில் பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி வந்த பிறகு இருபது வருடம் என்னோடு தறியில் உட்கார்ந்தாள். பெண் காலேஜுக்குப் போனதும், "நானும் எங்கயாச்சும் போறேன்பா," என்று கிளம்பியவள் முதலில் அங்கே குப்பி கழுவினாள். ஆறு மாதத்தில் மொட்டுப் பிரிக்கும் மேஜைக்கு வந்துவிட்டாள். மலைத் தோட்டத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மொட்டுகள் வரும். அவற்றைப் பிளந்து, சீரகம் போன்ற மகரந்தப்பைகளைக் காயம் படாமல் எடுத்துக் குப்பிக்குள் வைக்க வேண்டும். முக்கால்வாசி பழுப்பேறிச் செத்துப்போகும். அப்படி எத்தனை நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்! அன்றைக்கெல்லாம் ரசத்தில் உப்பு இருக்காது. எனக்கும் அந்தச் செடிகளுக்கும் நான்கு வருடப் பகை.

ஏழாயிரத்துச் சொச்சம் பைகளில் வேர்விட்டுத் தேறியவை பதினான்கு. அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. உள்ளே இருக்கும் மகரந்தம் சும்மா கிடக்க, பையின் தோலே செடியாகக் கிளம்பிவிடும். அது தாய்ச்செடியின் நகல்தான், ஒன்றுக்கும் உதவாது. பாதிச் செடி கொஞ்சம் சிறுத்திருக்கும் என்கிறார்கள். குப்பிக்குள் எல்லாமே சிறுசுதான். வேர் நுனியைக் கிள்ளி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோமை எண்ணினால்தான் உண்மை தெரியும். பதினொன்று இருந்தால் மகரந்தத்துப் பிள்ளை. இருபத்திரண்டு என்றால் தோலின் பிள்ளை.

மைக்ரோஸ்கோப்பில் பொருத்தும் கேமரா ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால் ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டர் ரேணுகாம்பாள், "உன் கண்ணுதாம்மா கேமரா," என்று எண்ணும் வேலையைக் குழலியிடமே விட்டார். மூன்று நாள் எண்ணினாள். கண்ணாடித் துண்டுகள் காயாமல் இருக்க எங்கள் பெண்ணின் நெயில் பாலிஷை எடுத்துப் போய் ஓரமெல்லாம் பூசினாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் முகத்தில் ஆடித் தேர் ஓடியது.

"பதினாலும் பதினொண்ணுங்க!"

திங்கட்கிழமை காலையில் செங்காந்தளிலிருந்து எடுக்கிற அந்த இரட்டிப்பு மருந்தில் பதினான்கையும் நனைப்பதாக ஏற்பாடு. நனைத்தால் நனைத்ததுதான், திருப்ப முடியாது.

மறுநாள் ஞாயிறு. தறியில் ஏற்றிய புதுப் பாவில் சேலைக் கரைக்கு வேண்டிய இழை சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்சம் எண்ணிக் கொடு என்று குழலியைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் இழையை ஒற்றையாக எண்ணுவதில்லை. தறியில் சீப்புப் போல இருக்கும் அச்சில் ஒவ்வோர் இடுக்கிலும் இரண்டு இழை போகும். ஆகவே இரண்டிரண்டாக விரலால் தள்ளி, ஒன்று, இரண்டு என்று போவோம். அவள் பிறந்த வீட்டிலும் அதே பழக்கம்தான்; பத்து வயதிலிருந்து அப்படி எண்ணியே வளர்ந்தவள்.

"எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு..."

அதோடு நிறுத்தினாள். விரல் இழை மேலேயே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், முகம் வெளுத்துக் கிடந்தது.

"இன்னாங்க, அங்கயும் நான் இப்படியே எண்ணிட்டேனா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.  இருபத்திரண்டை ஜோடி ஜோடியாக எண்ணினாலும் பதினொன்றுதான் வரும்.

"எப்படி எண்ணின, ஞாபகம் இல்லையா?"

"மூணு நாளா எண்ணிக்கினே இருந்தேன். வாய் பாட்டுக்குச் சொல்லிச்சு. எப்படின்னு ஞாபகமே இல்லையே!"

"தாய்ச்செடியை எண்ணிப் பார்த்தியா? அதுல இருபத்திரண்டு வந்திருந்தா நீ ஒத்தையாத்தான் எண்ணியிருக்க."

"அது மேடம் எப்பவோ எண்ணினது. நான் எண்ணல."

பேசாமல் இருந்திருக்கலாம். பல பேர் இருப்பார்கள். பிறகு செடி சரிவராவிட்டால் மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவார்கள். குழலி அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். "மேடம், நான் தப்பா எண்ணியிருப்பேன்னு பயமா இருக்குது."  அந்தப் பக்கத்திலிருந்து "வா," என்று மட்டும் கேட்டது. வண்டியில் போகும்போது என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தவள் ஏனாத்தூர் வரை விடவில்லை. நான்கு வருடம் போய்விடுமே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பதினான்கு சனியன்களும் பிழைக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் எங்களுக்கு முன்பே வந்து மைக்ரோஸ்கோப்பைத் தயாராக வைத்திருந்தார். திட்டவில்லை. குழலி கண்ணை வைக்கப் போனாள், தடுத்துவிட்டார்.

"நீயும் வேணாம், நானும் வேணாம். ரெண்டு பேருக்கும் பதினொண்ணு வரணும்னு ஆசை. உமாபதி சார், நீங்க உட்காருங்க. எண்ண வேணாம். தெரியிற ஒவ்வொண்ணுக்கும் பேப்பர்ல ஒரு புள்ளி வைங்க."

எனக்கு மட்டும் ஆசை இல்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. குனிந்தேன். வெளுத்த வட்டத்துக்குள் கடுகைக் கிள்ளிப் போட்டதுபோலச் சிவப்புத் துணுக்குகள். இதற்காகவா இவ்வளவு அமர்க்களம்! ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். 

"முடிஞ்சுது. எண்ணட்டுமா?"

"எண்ணுங்க."

பேனா முனையால் தள்ளிக்கொண்டே போனேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... ஒண்ணு மிச்சம்."

"அஞ்சா?" டாக்டர் திடுக்கிட்டுவிட்டார். "எந்தக் கணக்குல அஞ்சு?"

குழலி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மேடம், இவரும் ஜோடியாத்தான் எண்ணுறாரு! அஞ்சு ஜோடி, ஒண்ணு மிச்சம். பதினொண்ணு மேடம், பதினொண்ணு!" சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் பேப்பரைப் பிடுங்கி ஒற்றை ஒற்றையாக எண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

மிச்சக் கண்ணாடிகளையும் பார்த்தோம். ஐந்து, ஒன்று மிச்சம். ஐந்து, ஒன்று மிச்சம். டாக்டரும் எங்கள் கணக்குக்கே வந்துவிட்டார். ஒன்பதாவது கண்ணாடியில்தான் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தன. எண்ணினேன். பதினொரு ஜோடி, மிச்சம் இல்லை.  அந்த ஒன்றில் குழலியின் வாய் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டிருக்கிறது.

"ஒம்பதாம் நம்பர் தோல்ல முளைச்சது," என்று நோட்டில் கோடு போட்டார் டாக்டர். "நீ இன்னிக்குப் போன் பண்ணலைன்னா இதுவும் மத்ததோட போயிருக்கும். அப்புறம் எதையுமே நம்ப முடியாம ஆயிருக்கும். பதிமூணு இருக்குதும்மா. நான் மூணு தேறுமான்னு நினைச்சுக்கினு இருந்தேன்."

வீட்டுக்கு வரும்போது குழலி சட்டையைப் பிடிக்கவில்லை. ஓரிக்கைப் பக்கம் சுற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள், போனோம். வழியில் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, நான் குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இத்தனை வருடத்தில் நான் குடித்ததிலேயே நல்ல காப்பி அதுதான்.

சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து கரை இழையை எண்ணினாள். கடைசியில் ஓர் இழை ஜோடி இல்லாமல் நின்றது. தறியில் அது குற்றம்; எங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு நாளாக இருந்தால் ஒழுங்காகப் பார்க்க மாட்டாயா என்று கத்தியிருப்பேன்.

"ஒண்ணு மிச்சம்ங்க," என்றாள் குழலி.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிந்தேன்.