தேவதையின் விரல்கள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். என் அக்காவுக்கு நிஜமாகவே நடந்தது இது. அவள் கதை கட்டுகிற ஆளே இல்லை. பேய்ப் படம் ஓடினால் விழுந்து விழுந்து சிரிக்கிற ரகம்.

அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. அன்று மேஜையில் இருந்தது முந்நூற்றைம்பது வருடப் பழைய தேவாலய ஓவியம். சுற்றிலும் கும்மிருட்டு. நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. அந்த வெளிச்சத்தில், படுக்கையில் ஒரு சிறுமி. பக்கத்தில் தேவதை. சுடரை நோக்கி நீண்ட தேவதையின் கை மட்டும் கறுப்புக்குள் மறைந்திருந்தது. காற்றில் அணையாமல் சுடரைக் காக்கும் கை அது, அதை மறைத்திருக்கும் இருட்டு கடவுளின் மர்மம் என்று புத்தகங்களில் உருகி உருகி எழுதியிருந்தார்கள்.

"மர்மமாவது மண்ணாவது! எல்லாம் புகை அழுக்கு" என்று அக்கா பஞ்சை அழுக்கு நீக்கும் மருந்தில் நனைத்தாள்.

பக்கத்து அறை பெஞ்சில் அவள் மகள் குட்டி படுத்திருந்தாள். லேசான காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

கறுப்பு கரைந்தது. ஒரு விரல் தெரிந்தது. பிறகு இன்னொன்று.

"அம்மா... குளிருதும்மா."

"இதோ வந்துட்டேன்டா கண்ணு. இழுத்துப் போர்த்திக்கோ."

இன்னும் கொஞ்சம் துடைத்தாள். அந்த விரல்கள் சுடரைக் காக்கவில்லை. திரியைக் கிள்ளக் குவிந்திருந்தன.

சுடரைப் பார்த்தாள். காலையில் கட்டைவிரல் நீளம் இருந்தது. இப்போது... பயறு அளவு.

பக்கத்து அறையில் மூச்சுச் சத்தம். கர்... கர்...

"குட்டி?"

பஞ்சைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

ஓடினாள். பிள்ளையின் உதடு நீலம். உடம்பு ஜில்லென்று கிடந்தது. ஐயோ என்று வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மேஜையைத் தாண்டும்போது கண் தானாகப் போனது.

விரல்கள் திரியைத் தொட்டிருந்தன.

கர்... சத்தம் நின்றது.

என்ன நினைத்தாளோ, மேஜையோரம் இருந்த கறுப்புச் சாயத்தை விரலால் அள்ளி அந்தக் கையின் மேல் அப்பினாள். மேலே மேலே அப்பினாள்.

"அம்மா... பசிக்குது."

டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். ஓவியத்தைப் பாழாக்கியதற்கு அக்காவின் வேலை போனது. அவள் வருத்தப்படவே இல்லை.

அடுத்த வாரம், ஓவியத்தைச் சோதித்த அருங்காட்சியக ஆய்வுக்கூடத்துத் தோழி போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நீ துடைச்சது அழுக்கு இல்லடி. படத்தை வரைஞ்சவரே பூசின கறுப்பு. படுக்கையில இருக்கிறது அவர் பொண்ணாம். அடியில கை வரைஞ்ச சாயம் காயறதுக்குள்ள பூசியிருக்கார். பிரஷ்கூட எடுக்கல... வெறும் விரலால."