இடுப்பில் காந்தம், மடியில் திசைகாட்டி

இடுப்பு வலி என்னை நிற்கவும் விடாது, உட்காரவும் விடாது. மாத்திரைகளில் நம்பிக்கை போய், காந்தம் போட்டு வைத்த தண்ணீரைக் குடித்தேன்; காந்தங்கள் தைத்த பெல்ட்டைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டேன். வலி குறைந்த மாதிரி இருந்தது. அந்தத் தெம்பில், ஒரு தை மாதக் காலை பாகூரிலிருந்து நல்லவாடு போய், மைத்துனன் செல்வத்தின் விசைப்படகில் ஏறினேன்.

திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. கடலும் வானமும் ஒரே வெள்ளை. இன்ஜின் அதிர்வில் ஆடாமலிருக்கத் திசைகாட்டியை என் மடியில் வைத்தான் செல்வம். "மேற்கால போனா கரை. முள்ளப் பாத்துச் சொல்லிக்கினே வா மாமா."

மேற்கு, மேற்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போனோம், போனோம். கரையில் அலை உடையும் சத்தமே இல்லை.

"டீசல் அடியில கெடக்குது" என்றான். என் பிள்ளைகளின் முகங்கள் பனிக்குள் வந்து வந்து கலைந்தன.

சந்தேகப்பட்டுப் படகை வட்டமடித்தான். முள் அசையவே இல்லை. குனிந்து பார்த்தான்.

"இன்னா மாமா, முள்ளு உன் வயித்தயே பாக்குது? உள்ள இன்னாத்த கட்டிக்கினு வந்த?"

சட்டையைத் தூக்கினேன். பெல்ட்டை அவிழ்த்துப் படகின் மறுகோடிக்கு வீசினான். முள் நடுங்கிச் சுழன்று நின்றது. அதுவரை ஆழ்கடலை நோக்கிப் போயிருக்கிறோம்.

"அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்?" என்றவன், படகைத் திருப்பி, கரை தெரியும்வரை முள்ளைத் தானே பார்த்து ஓட்டினான்.

என் உடம்பில் செய்யும் சோதனை என் உடம்போடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போதும் வீட்டில் பெல்ட் கட்டுகிறேன். வாசல் தாண்டினால் கழற்றிவிடுகிறேன். டாக்டரானாலும் படகுக்காரரானாலும், நான் என்னென்ன செய்துகொள்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.