ஊசிக்கு முந்தின பொல்லடி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் சவூதியில் பென்னம்பெரிய லொறியைப் பின்னுக்கு எடுப்பதில் கல்முனைக்குடி ஆட்களில் எனக்கு நிகர் ஒருவரும் இருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஊசிதான் என்னை அந்த லொறியிலிருந்து இறக்கியது. குளிர்காலம் தொடங்கமுன் கம்பெனி எங்கள் எல்லோருக்கும் தடிமன் காய்ச்சல் தடுப்பூசி போட்டது. இரண்டு கிழமையில் என் கால்கள் இரண்டும் மரத்து விழுந்தன. ஊசிக்குப் பிறகு யாரோ ஒருவருக்கு அபூர்வமாக வரும் நரம்பு நோய் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து, வெளிநாடு போகும்போது போட்ட இன்சூரன்ஸில் நட்டஈடு கேட்டேன். காலில் முந்தியே இருந்த வருத்தத்தை நான் மறைத்துவிட்டேன் என்று இன்சூரன்ஸ்காரர்கள் பதில் போட்டார்கள். கால் விழுந்ததைவிட அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது.

விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு இன்சூரன்ஸ் அதிகாரி அவர்களுடைய கல்முனைக் கந்தோருக்கு வந்தார். முந்தின நாள் மனைவி கேட்டாள்: "லீவுல வந்து தங்கச்சிட மகள்ர கலியாணத்துல பொல்லடிச்சீங்களே, அந்த வீடியோக் கொப்பியக் கொண்டு போனா என்ன?"

யோசனை அவளுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தெருவின் முதல் கலர் ரீவியும் வீடியோ டெக்கும் என் உழைப்பு. இரண்டையும் ஆட்டோவில் ஏற்றி, என்னையும் தூக்கி ஏற்றினார் மச்சான்.

"என்ன காக்கா, வீடு மாறுறீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்ல சேர், சாட்சி கொண்டுவந்திரிக்கன்."

படம் ஓடியது. கையில் பொல்லுகளோடு, தாளத்துக்கு அவற்றைத் தட்டி ஆடியபடி வட்டமாகப் பன்னிரண்டு பேர். எல்லோரையும்விட உயரத் துள்ளுகிறவன் நான். மூலையில் திகதி, ஊசிக்கு மூன்று கிழமை முந்தியது. கந்தோர் முழுக்கக் கூடிவிட்டது. பியோன் கோடு போடும் அடிமட்டம் இரண்டை எடுத்து மேசையில் தாளம் போட்டார்.

"காணும் காக்கா, விளங்கிட்டு, நிப்பாட்டுங்க."

"சேர், இனித்தான் இவர் குந்தி எழும்பி அடிக்கப் போறார்!" என்றார் மச்சான்.

"அப்ப ஓடட்டும்," என்று அதிகாரி கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. மனைவி உரத்து வாசித்தாள். தபால்காரரும் சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்டார். நட்டஈடு தருகிறார்களாம். ஊசி போடும்போது நான் முழுச் சுகத்தோடு இருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். அந்த வரியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன்.

பிறகு தபால்காரருக்கு ஒரு சோடா உடைத்துக்கொண்டு நானே வாசலுக்குப் போனேன். கால்களில் மெல்ல மெல்ல உயிர் திரும்பிக்கொண்டிருந்த நேரம்; சுவரைப் பிடித்துத்தான் போனேன். ஆனாலும் நடந்து போனேன்.